மீன் தோலும் புண் மருந்தும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாங்காட்டிற்கும் களுதாவளைக்கும் இடையே அமைந்த ஊர் தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டிற்கும் நடுவே மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். இந்த எழுவான்கரையில் தோட்டஞ் செய்வோரும், வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களில் வேளாண்மை செய்வோரும், வாவியில் வலை வீசுவோரும் அயலவராய் வாழ்கின்றனர். தொழில் வேறாயினும் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான துன்பம் ஒன்று உண்டு. அது கை கால்களில் உண்டாகும் காயம். மண்வெட்டி பட்ட பாதம், கத்தி பட்ட விரல், சிப்பி கிழித்த உள்ளங்கால், கெளிற்று மீனின் முள் தைத்த கை, அடுப்படியில் வெந்த தோல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஆண்டு உழைப்பவர் வீட்டில் அரிது.

நல்ல உடல்நிலை உள்ளவரின் சிறு காயம் சில நாட்களில் ஆறிவிடும். சலரோகம் உள்ளவரின் காயமோ அவ்வாறன்று. கால் மரத்திருப்பதால் அவர் வலியை உணரார். இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் புண்ணும் எளிதில் மூடாது. முள் குத்திய சிறு துளையே மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகி, ஈற்றில் விரலையோ காலையோ இழக்கச் செய்வதும் உண்டு. காலை இழந்த கமக்காரனின் குடும்பம் ஒரு போக விளைச்சலை மட்டுமன்று, பல போகங்களின் உழைப்பையும் இழக்கின்றது.

மீன் தோல் புண்ணை ஆற்றும் என்னும் செய்தி அண்மைக் காலத்தில் பலருடைய செவிகளுக்கும் எட்டியுள்ளது. செய்தி மெய்யானதே. ஆயினும் அதனை அரைகுறையாக விளங்கிக்கொண்டு, கறிக்கு உரித்த மீனின் தோலைக் காயத்தின்மேல் வைப்பவர் பெருந் தீங்கைத் தாமே தேடிக்கொள்பவராவர். வைத்தியசாலையில் மருந்தாகும் பொருள் அடுப்படியில் ஏன் நஞ்சாகின்றது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று.

உடலைக் கட்டும் கயிறு

மனிதனின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதி தருவது கொலாசன் என்னும் புரதமாகும். உடலில் உள்ள புரதம் முழுவதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. ஆடு, மாடு, கோழி, மீன் ஆகிய உயிர்களின் தோலிலும் இதே வகைப் புரதம் உண்டு. தென்னந் தும்பை முறுக்கிக் கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பை விளங்கிக்கொள்ளுதல் எளிது. மூன்று நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுகி ஒரு கயிறாகின்றன. தனி இழைக்கு இல்லாத வலிமை முறுக்கினால் உண்டாகின்றது.

இம்முறுக்கின் இரகசியத்தைக் கண்டறிந்தவர்களைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் நாணிலிருந்து பெற்ற கொலாசனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அது மூன்று இழைகளால் ஆனது என்று உலகிற்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டில் அம்மூன்று இழைகளும் ஒன்றாக முறுகியுள்ள விதத்தையும் திருத்தமாக விளக்கினர். அதே நகரில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோல் பதனிடும் தொழிலுக்காகக் கொலாசனை ஆராய்ந்ததோடு நில்லாது, தீப்புண்ணின்மேல் இடத்தக்க மெல்லிய கொலாசன் படலங்களைச் செய்யும் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டது. செருப்பாகும் தோலின் பொருளே புண்ணை மூடும் துணியுமாகலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

காயம் பட்டவுடன் இரத்தம் உறைந்து துளையை அடைக்கின்றது. பின்னர் வெண்குருதிக் கலங்கள் வந்து கிருமிகளையும் இறந்த தசையையும் அகற்றுகின்றன. அதன் பின்பே உடல் புதிய கொலாசன் இழைகளை நெய்து பள்ளத்தை நிரப்பத் தொடங்குகின்றது. இந்நெசவு பல மாதங்கள் நீடிக்கும். முற்றாக ஆறிய தழும்பும் முன்னைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 வீதத்தையே அடைகின்றது.

நாட்பட்ட புண்ணில் நிகழ்வது வேறு. அங்கே புரதத்தை அரிக்கும் நொதியங்கள் அளவு மீறிப் பெருகி, உடல் நெய்யும் புதிய இழைகளை உடனுக்குடன் அழித்துவிடுகின்றன. பகலில் கட்டிய வரம்பை இரவில் வெள்ளம் கரைப்பது போன்றது இது. அத்தகைய புண்ணில் தூய கொலாசனை இட்டால், நொதியங்கள் முதலில் அதனை அரிக்கின்றன. உடலின் சொந்த இழைகள் தப்புகின்றன. அத்துடன், பந்தலில் கொடி படர்வது போலப் புதிய கலங்கள் அக்கொலாசனைப் பற்றிப் பரவவும் இடம் கிடைக்கின்றது. விலங்குப் புரதம் புண்ணுக்குத் துணை செய்யும் வழி இதுவே.

மாட்டுத் தோலிலிருந்து மீன் தோலுக்கு

வைத்தியசாலைகளில் நெடுங்காலம் பயன்பட்ட கொலாசன் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் பெறப்பட்டதாகும். சமய வழக்கங் காரணமாக இந்துக்களில் பலர் முன்னதையும், இசுலாமியர் பின்னதையும் ஏற்கத் தயங்குவர். மாடுகளுக்கு உண்டாகும் மூளை நோய் மனிதரையும் பற்றக்கூடும் என்னும் அச்சமும் பின்னர் எழுந்தது. இவ்விரு தடைகளும் மீனுக்கு இல்லை. ஆகவே ஆராய்ச்சியாளரின் பார்வை மீன் பக்கம் திரும்பியது.

ஐசுலாந்தில் உள்ள கெரெசிசு என்னும் நிறுவனம் கொட் மீனின் தோலைப் பதப்படுத்திப் புண்களின்மேல் இடும் பொருளாக ஆக்கியது. அதனை விற்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2013ஆம் ஆண்டில் இணக்கம் அளித்தது. சலரோகத்தால் உண்டான ஆறாப் புண்களுக்கும் அது பயன்படுத்தப்படுகின்றது.

பிரேசில் நாட்டின் செயற்பாடு நம்மவருக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே தீக்காயத்தை மூடுவதற்கு மனிதத் தோலும் பன்றித் தோலும் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆனால் வளர்ப்புக் குளங்களில் பிடிக்கப்பட்ட திலாப்பியா மீனின் தோல் கழிவாக எறியப்பட்டது. போர்த்தலேசா நகரில் உள்ள சியாரா மாநிலக் கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தினரும் தீக்காய வைத்தியர்களும் அத்தோலை ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் நோயாளரிடம் பயன்படுத்தத் தொடங்கினர். வெள்ளி கலந்த களிம்பைப் பூசி, கட்டை அடிக்கடி அவிழ்த்து மாற்றுவதே அங்கு வழக்கமான முறை. ஒவ்வொரு முறையும் நோயாளி துடிப்பார். பதப்படுத்திய மீன் தோலோ புண்ணில் ஒட்டிக்கொண்டு பல நாட்கள் அப்படியே இருக்கும். புண் ஆறும் காலம் சிறிதளவே குறைந்தது. எனினும் வலியும், கட்டு மாற்றும் தடவைகளும் குறைந்தமை நோயாளருக்குப் பேருதவியாயிற்று.

இப்பயன் மனிதரோடு நின்றுவிடவில்லை. 2017ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் தென் கலிபோர்னியாவில் மூண்ட காட்டுத் தீயில் இரண்டு கரடிகளின் பாதங்கள் வெந்தன. விலங்கு வைத்தியர்கள் கிருமி நீக்கிய திலாப்பியாத் தோலை அவற்றின் பாதங்களில் தைத்து, அதன்மேல் அரிசித் தாளையும் சோள மடலையும் சுற்றினர். கரடி கட்டைக் கடித்துத் தின்றாலும் வயிற்றுக்குக் கேடில்லை என்பதே அவ்வாறு சுற்றியதன் நோக்கம். அடுத்த சனவரியில் அவை மீண்டும் காட்டிற்கு அனுப்பப்பட்டன.

திலாப்பியா இனம் 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சிலர் அதனை ஜப்பான் மீன் என்றும் அழைப்பர். பிரேசிலில் பயன்படும் நைல் திலாப்பியாவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதனாலேயே, 'நம் மீனின் தோலை நாமே வைத்துக் கட்டினால் என்ன?' என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் தவறானது.

வீட்டில் ஏன் இயலாது?

பிரேசிலில் மீன் தோல் புண்ணை அடையுமுன் பல படிகளைக் கடக்கின்றது. செதிலும் சதையும் அகற்றப்படுகின்றன. தோல் கிருமிகொல்லித் திரவத்தில் பலமுறை கழுவப்படுகின்றது. கிளிசரினில் ஊறவைக்கப்படுகின்றது. உறையிலிட்டு மூடிய பின்பு காமாக் கதிர்கள் செலுத்தப்படுகின்றன. எஞ்சிய கிருமி ஏதும் உண்டோ எனச் சோதித்த பின்னரே அது வைத்தியரின் கைக்கு வருகின்றது.

'கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே, அது போதாதா?' எனச் சிலர் கேட்கலாம். கிருமி சாவது உண்மை. ஆனால் கொதிநீரில் கொலாசன் கயிற்றின் மூன்று இழைகளும் முறுக்கு அவிழ்ந்து பிரிந்துவிடும். அப்போது அது கொலாசன் அன்று. பசை போன்ற செலற்றின் ஆகிவிடும். தலையும் தோலுமிட்டுக் காய்ச்சிய மீன் சாறு ஆறும்போது கெட்டியாவது இதனாலேயே. அது உண்பதற்கு நல்லது. ஆனால் புண்ணை மூடும் தோலாக நில்லாது. பச்சையாக வைத்தால் கிருமி; வேகவைத்தால் பயனில்லை. உப்பிட்டு வெயிலில் காயவைப்பதும் பரிகாரமாகாது. உப்பைத் தாங்கி வாழும் கிருமிகள் உண்டு. காயும்போது தூசும் ஈயும் அதிற் படியும். வெப்பத்தைப் பயன்படுத்தாது கிருமியை மட்டும் கொல்வதற்குத் தொழிற்சாலையும் கதிர்க் கருவியும் தேவைப்படுகின்றன. இதுவே வீட்டிற்கும் வைத்தியசாலைக்கும் இடையே உள்ள வேறுபாடு.

வாவி போன்ற உவர் நீரில் விபிரியோ வகைக் கிருமிகள் வாழக்கூடும். அவற்றுட் சில காயத்தின் வழியே புகுந்து, ஓரிரு நாட்களுள் தசையை அழுகச் செய்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். ஈரல் நோய் உள்ளவருக்கும் சலரோகம் உள்ளவருக்கும் இவ்வாபத்து மிகுதி. மீனைக் கையாள்வோரின் விரல்களைப் பற்றி வீங்கச் செய்யும் வேறு கிருமிகளும் மீனின் தோலில் உண்டு. ஆகவே பச்சைத் தோலைக் கட்டுவது, திறந்த வாயிலில் திருடனைக் காவல் வைப்பதற்கு ஒப்பாகும். வெட்டிக் கழித்த மீன் தோலுக்கு வீட்டில் உரிய இடம் பசளைக் குழியே. மண்ணால் நன்கு மூடி மக்கவிட்டால் அது தோட்டப் பயிருக்கு நல்ல உரமாகும்.

தேனும் முட்டையும்

விலங்குப் புரதங்களுள் மக்கள் காயத்துக்கு இடும் வேறு இரண்டையும் ஆராய்தல் தகும். முதலாவது தேன். தேனீ தன் உடலிலிருந்து தேனில் சேர்க்கும் நொதியம் ஒன்று, சிறிது சிறிதாக ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கிக் கிருமிகளைத் தடுக்கின்றது. கிருமிகளை எதிர்க்கும் வேறொரு தேனீப் புரதமும் தேனில் இருப்பது அறியப்பட்டுள்ளது. தேனின் சர்க்கரைச் செறிவும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆயினும் வைத்தியசாலையில் இடப்படும் தேன் கதிர்களால் தூய்மை செய்யப்பட்டது. காட்டுத் தேனில் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் இருக்கக்கூடும். ஆழமான புண்ணில் அதனை ஊற்றலாகாது.

இரண்டாவது முட்டையின் வெண்கரு. 1922ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்டறிந்த இலைசோசைம் என்னும் கிருமியெதிர்ப்புப் புரதம் வெண்கருவிலும் உண்டு. ஆனால் பச்சை முட்டையில் சல்மொனெல்லாக் கிருமியும் இருக்கலாம். அன்றியும், வெந்த தோலின்மேல் வெண்கரு காய்ந்து பொருக்காகி, வைத்தியர் புண்ணைப் பார்ப்பதற்கும் தடையாகும். முட்டையை உண்க, தீப்புண்ணில் பூசற்க.

சாணம், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கோப்பித் தூள் ஆகியவற்றைக் காயத்தில் இடுவதும் விலக்கத்தக்கது. ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் உயிரோடிருக்கும்.

நஞ்சும் புரதமே

வெப்பம் புரதத்தைக் குலைக்கும் என்னும் உண்மை ஓரிடத்தில் மீனவருக்குப் பெருந் துணையாகின்றது. கெளிற்றின் முள்ளிலும் திருக்கையின் வால் முள்ளிலும் உள்ள நஞ்சு பெரும்பாலும் புரதங்களால் ஆனது. முள் தைத்த கையையோ காலையோ, பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் 30 முதல் 90 நிமிடங்கள் வரை அமிழ்த்தி வைத்தால் நஞ்சு வலுவிழந்து வலி குறையும். நீரின் வெப்பம் 45 பாகை செல்சியசை மீறலாகாது. காயமில்லாத மற்றக் கையால் சூட்டைச் சோதித்த பின்பே அமிழ்த்த வேண்டும். சலரோகம் உள்ளவருக்காக வீட்டிலுள்ள வேறொருவர் சோதித்தல் வேண்டும். ஏனெனில் மரத்த கால் சூட்டை அறியாது வெந்துபோகும். முள் முறிந்து உள்ளே தங்கியிருப்பின் வைத்தியரே அதனை அகற்ற வேண்டும்.

காயம் பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. இரத்தம் பெருகுமாயின் துப்புரவான துணியை வைத்து விடாது அழுத்துக.

2. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், காயத்தைத் துப்புரவான நீரோட்டத்தில் மண்ணும் அழுக்கும் நீங்கும்வரை கழுவுக. கொதித்தாறிய நீர் சிறந்தது. வாவி நீரால் கழுவற்க.

3. துப்புரவான துணியால் மூடிக் கட்டுக. கட்டு நனைந்தால் மாற்றுக.

4. தீப்புண்ணாயின் 20 நிமிடங்கள் குளிர்ந்த நீரை ஓடவிடுக. பனிக்கட்டி, பற்பசை, முட்டை எதனையும் இடற்க.

5. ஆழமான காயம், முள் தைத்த காயம், மண்ணோ சாணமோ பட்ட காயம் ஆகியவற்றிற்கு ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என வைத்தியரிடம் உடனே கேட்டறிக.

6. வீக்கம், சிவப்பு, துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதிக்காது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கோ செல்க. வாவியில் நின்றவரின் காயமாயின் அதனையும் வைத்தியரிடம் கூறுக.

7. சலரோகம் உள்ளவர் நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். தோட்டத்திலும் கரையிலும் செருப்பின்றி நடத்தலாகாது.

8. மாடு, ஆடுகளின் புண்ணிற்கும் இதே துப்புரவு வேண்டும். புழு விழுந்த புண்ணிற்கு மிருக வைத்தியரை அழைக்க வேண்டும்.

கொலாசன் படலமோ மீன் தோலோ வேண்டுமா என்பதை வைத்தியரே முடிவு செய்வார். இறந்த தசையும் சீழும் நிறைந்த புண்ணில் எத்துணைச் சிறந்த புரதத்தை இட்டாலும் பயனில்லை. களை நிறைந்த வயலில் நாற்று நட்டாற் போல அது வீணாகும். மீன் ஒவ்வாதவர்கள் அதனை முன்னரே கூறுதல் அவசியம்.

உண்ணும் புரதமே முதல் மருந்து

புண்ணின்மேல் இடும் புரதம் சிலருக்கே தேவைப்படும். உண்ணும் புரதமோ புண்பட்ட எல்லோருக்கும் வேண்டும். உடல் தன் கொலாசனைத் தானே நெய்துகொள்கின்றது. அதற்கு வேண்டிய நூலை உணவே தருகின்றது. காயம் பட்டவருக்கு மீனும் முட்டையும் ஆகா என விலக்கிக் கஞ்சியை மட்டும் கொடுப்பது, தறியில் நூலின்றி நெய்யச் சொல்வதாகும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அறுவைச் சிகிச்சை பெற்றோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் விரால் மீனைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விரால் நம் குளங்களிலும் உள்ளது. வாவி மீனும் இறாலும் முட்டையும் உண்ணலாம். மரக்கறி உண்போர்க்குப் பயறும் கௌபியும் பாலும் உதவும்.

சீ உயிர்ச்சத்து இல்லாவிடில் உடல் கொலாசன் இழைகளை உறுதியாக முறுக்க இயலாது. கொய்யா, நெல்லி, தேசிக்காய் ஆகியவை அதனை நிறையத் தருவன. வீட்டு வளவில் ஒரு கொய்யா மரத்தை நட்டவர், புண்ணாற்றும் மருந்தொன்றையும் நட்டவராவார். சலரோகம் உள்ளவர் இவ்வுணவுகளோடு குருதியிலுள்ள சர்க்கரையையும் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் இன்றியமையாதது.

தேற்றாத்தீவின் பெயரில் தேற்றா மரம் இருக்கின்றது. அம்மரத்தின் கொட்டையைப் பாத்திரத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது தமிழர் அறிந்த பழைய முறை. ஆனால் தெளிந்த நீர் யாவும் கிருமியற்ற நீர் அன்று; அதனைக் கொதிக்கவைத்த பின்பே காயத்தைக் கழுவுதல் தகும். மீன் தோலின் செய்தியும் இத்தகையதே. இயற்கை தரும் பொருளில் நன்மை உண்டு. அந்நன்மையைக் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பின்பே அது மருந்தாகின்றது. அதுவரை துப்புரவான நீரும், துப்புரவான துணியும், காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் செல்லும் வழக்கமுமே கமக்காரரின் காலையும் மீனவரின் கையையும் காப்பனவாம்.